ஊர் அ, துணைத் தலைவர் ஆ

மூன்றாவது பல்கலைக்கழகம் என்னை நிராகரித்த அன்று நான் ஒருவனை ஸ்டேப்ளரால் அடித்தேன். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சின்ன ஸ்டேப்ளர் இல்லை. ஜெராக்ஸ் கடைகளில் தடிமனான புராஜெக்ட் நோட்டுகளைத் தைக்க வைத்திருப்பார்களே, அந்த இரும்பு ஸ்டேப்ளர். நெற்றியில் மூன்று தையல் போட்டார்கள். சீட்டுக் கிடைக்காத ஆத்திரத்தில் அடித்துவிட்டேன் என்று திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியில் பேசிக்கொண்டார்களாம். அமெரிக்காக்காரன் இல்லையென்று சொன்னதற்கு விழுப்புரத்துக்காரன் மண்டையை உடைக்கிற அளவுக்கு நான் கூறு கெட்டவள் இல்லை.

அரசறிவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, அந்தக் கல்லூரியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். வீடு கெடார் பக்கம் ஒரு கிராமத்தின் காலனியில். அப்பா இல்லை; நானும் அம்மாவும்தான். காலையில் விழுப்புரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து திண்டிவனத்துக்கு இன்னொரு பஸ். அரசறிவியல் படித்தவள் என்றால் எங்கள் பக்கம் அடுத்த கேள்வி எந்தக் கட்சி என்பதுதான். ஆராய்ச்சிப் படிப்புக்கு வெளிநாட்டில் ஏழு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். எனக்கு எம்.ஏ.வில் பாடம் நடத்திய ஆசிரியர்தான் தூண்டிவிட்டவர். டிசம்பரில் அனுப்பியதற்கு பிப்ரவரியிலிருந்து பதில் வரும், அதுவரை பொறுமையாக இரு என்றார். பொறுமை எங்கள் வீட்டில் அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது.

விண்ணப்பத்தோடு சொந்தமாக எழுதிய கட்டுரை ஒன்றும் கேட்டிருந்தார்கள். நான் அம்மாவைப் பற்றி எழுதினேன்.

அம்மா எங்கள் ஊராட்சித் தலைவர். அந்த முறை எங்கள் ஊர்த் தலைவர் பதவி காலனிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, அம்மா நின்று ஜெயித்தாள். ஜெயித்த மறுவாரமும் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குத்தான் போனாள். ஊராட்சி நடந்தது ஊர்த்தெருவில், துணைத் தலைவர் வீட்டில். தீர்மான நோட்டு அவர் வீட்டு பீரோவில் இருக்கும். மாதம் ஒருமுறை ஆள் அனுப்புவார். வெற்றுப் பக்கத்தின் அடியில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். மேலே என்ன எழுதிக்கொள்வது என்பது அவர் பாடு. எட்டாவது வரை படித்த அம்மா, ஒரு மாதம், எழுதிக் காட்டினால் படித்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவர் அந்த நோட்டாலேயே அம்மாவின் முகத்தில் அடித்தார். காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. அம்மா வீட்டுக்கு வந்து முகம் கழுவி, கேப்பைக் கூழ் காய்ச்சி எனக்கும் ஊற்றிவிட்டுப் படுத்தாள். காதோரம் கன்றியிருந்ததைக் கேட்டதற்கு, கதவு இடித்துவிட்டதாகச் சொன்னாள். நான்கு நாள் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. அதற்குப் பிறகும் அவள் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவில்லை.

இதைத்தான் இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். எனக்குத் தமிழில்தான் ஓடும் என்பதால் முதலில் கையால் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலமாக்கினேன். ஆராய்ச்சி முறைப்படி பெயர்களை மறைத்தேன். ஊர் அ, தலைவர் இ, துணைத் தலைவர் ஆ. மறைத்த கையோடு, ஆ என்பவர் சைலன்சரைக் கழற்றிய புல்லட்டில் வருவார் என்றும், ஊர் அ-வில் தண்ணீர்த் தொட்டி பள்ளிக்கூடத்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது என்றும் எழுதியிருந்தேன். அமெரிக்காவில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. எங்கள் பக்கத்தில் பால் ஊற்றுகிறவருக்குக்கூட இரண்டாவது வரியில் தெரிந்துவிடும். புத்தகத்தில் படித்ததை அப்படியே செய்த என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

தமிழ்ப் பிரதியை ஆசிரியருக்கு அனுப்ப விழுப்புரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் ஸ்கேன் செய்தேன். கடைக்காரர் ஸ்கேன் செய்து கணினியின் டெஸ்க்டாப்பில் போட்டார், நான் அங்கிருந்தே மெயிலில் அனுப்பினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். அழித்துவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றவே இல்லை.

பிப்ரவரி வந்தது. நான் சிரித்த முகமாக இருந்த கடைசி மாதம் ஜனவரி. யாருக்கு எங்கே இடம் கிடைத்தது என்று விண்ணப்பித்தவர்கள் பெயர் சொல்லாமல் போட்டுக்கொள்ளும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. காலை பஸ்ஸில் அதைத் திறந்தால் விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் என் ரத்தம் கொதித்துவிடும். எவனுக்கோ நான்கு இடத்தில் கிடைத்திருக்கும். எதை எடுப்பது என்று தெரியாமல் கஷ்டப்படுகிறானாம். முதல் நிராகரிப்பு வந்த நாள் வகுப்பில் டஸ்டரை எறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். இரண்டாவதுக்குக் குக்கர் மூடி. அம்மா வளைந்த மூடியை அம்மிக்கல்லில் வைத்துத் தட்டிச் சரிசெய்தாள்.

மூன்றாவது ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வருத்தத்துடன் தெரிவிக்கிறோம் என்ற அதே மெயில். பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குள் போனேன். அரசு என்றால் என்ன என்ற பாடம். பாதியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன் செய்தாள்.

ஏரியில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. தலைவர் என்ற முறையில் அம்மா அங்கே நின்றிருக்கிறாள். துணைத் தலைவர் புல்லட்டை ஏரிக்குள்ளேயே இறக்கிக்கொண்டு வந்தார். கையில் என் கையெழுத்தில் தாள்கள். வேலையை நிறுத்தச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு பக்கத்தைப் படித்தார். நோட்டால் அடித்த பக்கம். படித்து முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்து அவர் சொன்னதை, அங்கிருந்த ஏழெட்டுப் பெண்கள் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். வார்த்தை மாறவில்லை.

"நோட்டால அடிச்சதெல்லாம் ஒரு அடியா? அடின்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சிக்கினு எழுதச் சொல்லு ஒம்பொண்ண."

பக்கத்தில் கிடந்த மண்வெட்டியின் காம்பைக் கழற்றி அடித்தார். முதல் அடி முதுகில். இரண்டாவதைத் தடுக்க அம்மா இடது கையைத் தூக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் மேட்டில் நின்றவர்களுக்கும் கேட்டதாம். விழுந்தவளை அதற்குப் பிறகும் அடித்தார். எத்தனை என்று யாரும் எண்ணவில்லை, யாரும் கிட்டே போகவுமில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கிட்டே போயிருந்தால் இன்னொரு கை உடைந்திருக்கும்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது, புடவையெல்லாம் ஏரி மண்ணும் ரத்தமும். என்னைப் பார்த்ததும், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டாள். நான் வெளியே வந்துவிட்டேன். அழ வரவில்லை. யாரையாவது கொல்லவேண்டும்போல் இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, கொல்லவேண்டும்போல்தான் இருந்தது.

அந்தத் தாள்களை நான் ஒரே ஒரு இடத்தில்தான் ஸ்கேன் செய்திருந்தேன். பஸ் பிடித்து விழுப்புரம் போய் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் மறுக்கவில்லை. அவர் சம்சாரம் எங்கள் ஊர்த்தெருவாம். டெஸ்க்டாப்பில் கிடந்ததைப் படித்திருக்கிறார், நம் ஊர்க் கதையாக இருக்கிறதே என்று மச்சானுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார், அங்கிருந்து அது துணைத் தலைவர் வரை போய்விட்டது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை என்றார்.

"நீங்கதான் டெலிட் பண்ணிட்டுப் போயிருக்கணுங்க."

அவர் சொன்னது சரி. அதனால்தான் அடித்தேன். கவுண்டரில் இருந்த ஸ்டேப்ளர் என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. பிறகு ஸ்கேனரைத் தூக்கித் தரையில் போட்டு மிதித்தேன். கண்ணாடி செருப்பைக் கிழித்துக் காலில் ஏறியது. கடையில் கேமரா இருந்தது. எல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டவன் புகார் கொடுத்தால் அடித்தவன் சும்மா இருக்க மாட்டான், பதிலுக்கு ஒரு கவுண்டர் கேஸ் கொடுப்பான். பெரும்பாலும் பொய்யாக இட்டுக்கட்டவேண்டியிருக்கும். எனக்கு எதிராக இட்டுக்கட்ட ஒன்றுமே தேவைப்படவில்லை. தையலும் வீடியோவும் நானே கொடுத்திருந்தேன், துணைத் தலைவர் கடைக்காரரைப் புகார் கொடுக்க வைத்தால் போதுமானதாக இருந்தது. அம்மாவின் புகாருக்கு ரசீது மட்டும் தந்துவிட்டு மூன்று வாரம் இழுத்தார்கள். அந்த மூன்று வாரத்தில் இன்னும் மூன்று பல்கலைக்கழகங்கள் இல்லையென்று சொல்லிவிட்டன. மிச்சம் ஒன்று. ஏழாவது. அவர்கள் ஜனவரியில் என்னிடம் போனில் பேசியிருந்தார்கள், இன்னும் முடிவெடுக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

மார்ச் கடைசியில் இரண்டு தரப்பையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் மேஜையில் அம்மாவின் புகார் இருந்தது, விழுப்புரம் ஸ்டேஷனிலிருந்து வரவழைத்த கடைக்காரரின் புகார் இருந்தது, மூன்றாவதாக என்னுடைய பாஸ்போர்ட் விசாரணைத் தாளும் இருந்தது. ஜனவரியில் விண்ணப்பித்திருந்தேன். மூன்றையும் வரிசையாக வைத்து ஓரத்தைச் சமன் செய்தார்.

"ரெண்டு பேரும் வாபஸ் வாங்கிக்கினா இதோட முடிஞ்சிடும். கேஸு பதிவாச்சின்னா இந்தத் தாள்ல நான் என்னம்மா எழுதறது? நீ வெளிநாடு போற பொண்ணு."

வெளிநாடு போகிற பெண்ணுக்கு வெளிநாட்டில் இன்னும் இடமே கிடைக்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன், மெயில் ஒன்றும் இல்லை. வெளியே துணைத் தலைவர் புல்லட்டின் மேல் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான்தான் கட்டுரையில் எழுதியிருந்தேன்.

அம்மா மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ சொல்லு பாப்பா. நீ சொல்றதுதான்."

அவள் வாபஸ் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் அவளோடு நின்றிருப்பேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. என்னிடம் கேட்டாள். நான், கையெழுத்துப் போட்டுவிடும்மா என்றேன்.

எழுத்தர் ஒரு தாளை எழுதி நீட்டினார். அம்மா வாங்கி, விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தாள். எல்லோரும் காத்திருந்தோம். ஏரி வேலை நடந்த இடத்தில் நானே கால் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது, யார் மீதும் எனக்குப் புகார் இல்லை என்று இருந்தது.

"ஏரில தண்ணியே கெடையாது. எங்கப் போயி வழுக்கறது" என்றாள்.

எழுத்தர் பேனாவைத் திறந்து கொடுத்தார். அவள் வலது கையால் கையெழுத்துப் போட்டாள். முகத்தில் நோட்டால் அடித்து அவரால் வாங்க முடியாத கையெழுத்தை, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையில் நான் வாங்கிவிட்டேன். கடைக்காரர் தன் புகாரை வாபஸ் வாங்கினார். பாஸ்போர்ட் தாளில் ஆட்சேபணை இல்லை என்று எழுதப்பட்டது.

பதினொரு நாள் கழித்து ஏழாவது பல்கலைக்கழகம் வரச் சொன்னது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்று மெயிலைப் படித்தேன். பக்கத்துச் சுவரில் கையை ஓங்கிக் குத்தினேன். சந்தோஷத்தில் என்று யாராவது நினைத்திருக்கலாம். விரல் வீங்கி வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் இடம் கிடைத்ததைச் சொன்னேன். ஒற்றைக் கையால் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள், நான் மசாலா அரைத்துக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கைதான் உருப்படியாக இருந்தது.

இப்போது இங்கே அமெரிக்காவில் எனக்கு மூன்றாவது ஆண்டு. ஆய்வின் முதல் இயலில் ஊர் அ வருகிறது. இந்த முறை மண்வெட்டிக் காம்பையும் சேர்த்து எழுதினேன். என் பேராசிரியர் நல்ல மனுஷி, கூர்மையானவர். மற்ற ஊர்களின் சம்பவங்களுக்கெல்லாம் காவல்துறைப் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவு என்று அடிக்குறிப்பு இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் இல்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார். நேரில் பார்த்தபோதும் கேட்டார். பதிவில் என்னதான் இருக்கிறது என்றார். தலைவர் இ கால் வழுக்கி விழுந்தார் என்று இருக்கிறது என்றேன். அப்படிப் பொய்யாக எழுதி வாங்கியது யார் என்று கண்டுபிடிக்க முடிந்தால் அதுவே முக்கியமான இயலாக இருக்கும் என்று உற்சாகமாகச் சொன்னார். முயற்சி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை. இங்கே நீ அடிபட்டதற்கு ஆதாரம் கேட்கிறார்கள் என்றேன். சிரித்தாள்.

"ஆதாரமா? கையி இன்னும் நேரா நீட்ட வரல. வந்து பாத்துக்கினு போவச் சொல்லு."

போனை வைத்த பிறகு ஊர் அ வருகிற ஒன்பது பக்கங்களையும் இயலிலிருந்து நீக்கினேன். இந்த முறை டெஸ்க்டாப்பிலிருந்தும் அழித்தேன்.