மாமா எழுதாத கடிதம்

போன மாதம் சாப்பாட்டு மேசை முழுக்க இன்லேண்ட் லெட்டர்களைப் பரப்பிவைத்துக்கொண்டு நானும் ஜெசியும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தோம். மேசையில் இருந்தவை முப்பத்தொரு கடிதங்கள். அம்மா கேட்டதோ முப்பத்திரண்டாவதை!

ஜெசி என் தாய்மாமா மகள். மாமா கடற்படைக்காரர். எழுபத்தொன்று யுத்தத்தில் கப்பலில் பீரங்கிப் பிரிவில் இருந்தார். போன வருஷம் காலமாகிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு மெடல், ஒரு பெரிய மீசை... அவ்வளவுதான். அதனால் முதலாண்டு நினைவுப் பூசைக்குள் அவருடைய கடிதங்களை ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டுவிடலாம் என்றாள் ஜெசி. பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டாள். நல்ல காரியம்தானே? ஆனால் மாமாவின் ஒரே தங்கையான என் அம்மா ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள்.

"என் கல்யாணக் கடுதாசிதான் மொதப் பக்கத்துல வரணும்."

அந்தக் கடிதம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். யுத்தம் முடிந்த கையோடு, கப்பலில் இருந்தபடியே மாமா தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து எழுதிய கடிதம். மாப்பிள்ளை — என் அப்பா. அவரும் இப்போது இல்லை. இந்தக் கதையை அம்மா சொல்லாத ஆள் கிடையாது. சிலிண்டர் போட வருகிறவர்வரை கேட்டிருக்கிறார். அப்பாவோடு சண்டை போட்டுப் பெட்டியைக் கட்டிய நாட்களில்கூட, "எங்கண்ணன் பாத்த மாப்பிள்ள" என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திரும்பப் பிரித்துவிடுவாள்.

மாமா இங்கிலீஷில்தான் எழுதுவார். கடிதங்களைச் சரிபார்க்கிற அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்பது மாமா சொன்ன காரணம். எல்லாம் ஸ்டைலுக்காக என்பது அப்பா சொன்ன காரணம். எப்படியோ, புன்னக்காயலில் தாத்தா வீட்டில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. கடிதம் வந்தால், பாளையங்கோட்டையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த இளம் வாத்தியாரைக் கூப்பிடுவார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பார். வீடே சுற்றி நின்று கேட்கும். காப்பி கொண்டுவருவது அம்மா. தாத்தா சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் அதே வாத்தியார்தான். எழுதுவதும் அவர், வாசிப்பதும் அவர். இப்படி ஓர் ஆளை நம்பலாமா?

நானும் ஜெசியும் முப்பத்தொன்றையும் இரண்டு தடவை படித்தோம். மாப்பிள்ளை விஷயமாக மாமா ஒரு வரி எழுதவில்லை.

யுத்த நாட்களில் எழுதிய கடிதம் இருந்தது. யுத்தம் முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் அது ஊருக்கு வந்ததாம். அதுவரை மாமா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கப்பலில் தினமும் மீன் குழம்பு, குளிர்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்று மாமா எழுதியிருந்ததாக அம்மா சொல்வாள். அசல் கடிதத்தில் மீனும் இல்லை, குழம்பும் இல்லை. எட்டு நாளாகத் தூக்கமில்லை, கை நடுக்கம் நிற்கவில்லை, இன்னொரு கடிதம் எழுதுவேனா தெரியாது... இவ்வளவுதான் இருந்தது.

ஜெசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பாவுக்குப் பயமே கெடையாதுன்னுல்லா நெனச்சிக்கிட்டிருந்தேன் அத்தான்."

அந்தக் கடிதத்தை வாசித்துச் சொன்ன வாத்தியார்தான் என் அப்பா. அத்தனை பயத்தையும் அன்றைக்கு அப்பா தனியாக விழுங்கிவிட்டு, வீட்டுக்கு மீன் குழம்பு பரிமாறியிருக்கிறார். எவ்வளவு பெரிய மனுஷன்!

அந்த மரியாதை கடைசிக் கடிதம்வரைதான் நீடித்தது. மேல் விலாசம் தாத்தாவுக்கு. உள்ளே இருந்தது வாத்தியாருக்கு. தமிழில் சொன்னால் இப்படி:

'தப்பை ஒப்புக்கொண்டு நீங்கள் எழுதிய பாவசங்கீர்த்தனம் கிடைத்தது. நான் எழுதாததை எழுதியதாக வாசித்துவிட்டீர்கள். என் அப்பாவும் சம்மதித்துவிட்டார். சரி, நான் எழுதியதாகவே இருக்கட்டும். ஆனால் என் தங்கை கண் கலங்கினால், எனக்குப் பீரங்கியில்தான் வேலை என்பதை மறக்க வேண்டாம்.'

எப்படி இருக்கிறது கதை? கடல் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்காத வீடு அது. நேரில் போய்க் கேட்டிருந்தால் அப்பாவைத் தாமிரபரணியில் தூக்கிப் போட்டிருப்பார்கள். சண்டையிலிருந்து பிழைத்த பிள்ளை கேட்டதாகச் சொன்னால்? தாத்தா எப்படி மறுப்பார்! இந்தப் பீரங்கிக் கடிதத்தையும் அப்பாதான் வீடு முழுக்கச் சுற்றி நிற்க வாசித்திருக்க வேண்டும். அன்றைக்கு என்ன குழம்பு ஊற்றினாரோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

தன் அப்பா எழுதாததைப் புத்தகத்தில் போட முடியாது என்றாள் ஜெசி. நியாயம்தான். ஆனால் ஐம்பது வருஷமாக ஒருத்தி பிடித்துக்கொண்டிருக்கிற கடிதத்தை, இப்போது போய், அப்படி ஒன்று கிடையாது என்று யார் சொல்வது? நீ சொல்லு, நீங்க சொல்லுங்க என்று எங்களுக்குள் ஒரு மணி நேரம் நடந்தது. கடைசியில் ஒரு கோழைத்தனமான முடிவுக்கு வந்தோம். முப்பது கடிதங்களும் புத்தகத்துக்கு. பீரங்கிக் கடிதம் என் அலமாரிக்கு. கல்யாணக் கடிதம் மட்டும் எங்கேயோ தொலைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புன்னக்காயலில் பூசை முடிந்தது. மாமா வீட்டில் சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருந்தது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேத்திகள் மாமாவின் யுத்தக் கடிதத்தைச் சத்தம்போட்டுப் படித்தார்கள். மீசைக்குப் பின்னால் இருந்த பயந்த பையனை எல்லோரும் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

அம்மாவின் முகம் மட்டும் வாடியிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. அசல் கடிதங்கள் இருந்த பையில் கையைவிட்டு ஒன்றை உருவினேன். "இந்தா இருக்கும்மா, கெடச்சிட்டு" என்றேன். சவர பிளேடு அனுப்பச் சொல்லி மாமா எழுதிய கடிதம் அது!

வாசித்தேன். சுகம் விசாரித்தேன். கப்பலை வர்ணித்தேன். "தங்கச்சி பிலோமிக்கு வெளியில் மாப்பிள்ளை தேட வேண்டாம், கடிதம் வாசிக்கிற வாத்தியாரையே கேளுங்கள்" என்று ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்து முடித்தேன். ஜெசி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து என் பக்கத்தில் வந்தாள். என் காதைத் தொட்டுப் பார்த்தாள். யாருக்கும் கேட்காமல் பையச் சொன்னாள்:

"இந்த எடத்த வாசிக்கையில ஒங்கப்பாவுக்கு ரெண்டு காதும் செவந்துபோச்சு. அண்ணன் எழுதல, இவியளே சொல்லுதாவன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லே. ஒனக்கு ஒண்ணுமே ஆவலயே... பத்திரிகைக்கு எழுதுதவம்லா!"