அக்காவின் கம்பளியும் அத்தானின் ரேடியோவும்

அக்காவின் கறுப்புக் கம்பளி இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நடுவில் ஓரிடம் கருகி, தொட்டால் உதிர்கிறது. அதை எறியச் சொல்லிச் சொல்லி என் மனைவி அலுத்துவிட்டாள். நான் எறியமாட்டேன்.

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்கே ஒரே ரேடியோ எங்களுடையதுதான். தேயிலை பெக்டரியில் எஞ்சின் பார்த்த அத்தான் அக்காவுக்காக வாங்கியது. லயத்தில் மின்சாரம் ஏது? கார் பேட்டரியில்தான் பாடும். பேட்டரியின் குறைந்த மின்னழுத்தத்தை வால்வுகளுக்கு வேண்டிய அளவு உயர்த்தித் தர, உள்ளே ஒரு வைப்ரேட்டர் வண்டுபோல இரைந்துகொண்டிருக்கும். கூரைத் தகரம் எப்போதும் ஒழுகும். பாட்டு முடிந்ததும், கொழுந்தெடுக்கப் போகும்போது போடுகிற கம்பளியால் அக்கா ரேடியோவைப் போர்த்தி வைப்பாள்.

கடல் தாண்டி, திருச்சிப் பக்கம் அத்தானின் தாய் சாகக் கிடப்பதாகத் தந்தி வந்தது. தோட்டத்துத் துரை அவருக்கு லீவு கொடுக்கவில்லை, அக்காதான் போனாள். “ரேடியோ நனையாமப் பாத்துக்கங்க,” என்று ரயில் ஏறும்போதும் சொன்னாள். அவள் போனதிலிருந்து அது படுத்தத் தொடங்கியது. கொஞ்ச நேரம் பாடும், பின்பக்கம் கொதிக்கும், சத்தம் தேய்ந்து நின்றுவிடும். அத்தான் அட்டன் டவுனுக்குப் போய்ப் புது வைப்ரேட்டர் வாங்கிவந்து போட்டார். கண்டென்சரையும் மாற்றினார். மேசையில் திறந்து வைத்தால் சூடே இல்லாமல் பாடும். மூடி இடத்தில் வைத்தால் மறுபடி அதே கதை.

“இந்தச் சனியனத் தூக்கிப் போடுங்க அத்தான்!” என்று கத்தினேன்.

“ஒங்க அக்கா வந்து கேட்டா நீயா மாப்ள பதில் சொல்லுவ?” என்றார்.

அக்கா திரும்பவிருந்த நாளில் கடலில் பெரும் புயல். தோட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். மறுநாள் செய்தி நேரத்துக்கு லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. செய்தி தொடங்கிய சற்றைக்கெல்லாம் குரல் தேய்ந்தது. பதறிப்போய் ரேடியோவின் பின்னால் கை வைத்த அத்தான், கம்பளி சுடுவதைக் கண்டு அப்படியே நின்றார். நனைந்துவிடுமோ என்ற பயத்தில், பாடும்போதும் அவர் அதை எடுத்ததே இல்லை. காற்றுத் துளைகளையெல்லாம் அதுதான் அடைத்திருந்தது.

“அட கடவுளே, நான்தான் இதோட மூச்ச அடச்சிட்டேன்!” என்று கம்பளியை உருவி எறிந்துவிட்டு, முறத்தால் விசிறினார். குரல் மெல்லத் திரும்பியது.

அக்கரையில் கப்பலைப் பிடிக்க வந்துகொண்டிருந்த ரயிலைக் கடல் கொண்டுபோய்விட்டதாம். ஒருவரும் பிழைக்கவில்லையாம். அக்கா ஏறுவதாகச் சொன்ன ரயில் அது.

பெண்கள் ஓவென்று அலறினார்கள். அத்தான் அழவில்லை. கீழே கிடந்த கம்பளியை எடுத்தார். பாடிக்கொண்டிருந்த ரேடியோவை முன்னும் பின்னுமாகச் சுற்றி, இறுக்கிக் கட்டினார். சத்தம் நின்று கருகல் வாடை வரும்வரை அதை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் தடுக்கவில்லை.

வெயில் கண்ட நாளில் அந்தக் கம்பளியைக் காயப்போடுகிறேன். ஈரம் பட்டால் இப்போதும் அந்த வாடை வருகிறது.