வெள்ளிக்கிழமைக் கார்

ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவரிடமிருந்து அண்ணன் அந்த அமெரிக்கக் காரை வாங்கி வந்தபோது, ராசிபுரம் சுற்றுவட்டாரத்தில் கூரையை மடக்கி வைக்கிற கார் வேறு கிடையாது. சிவப்பு நிறம், எட்டு சிலிண்டர், ஸ்டியரிங் இடப்பக்கம். மலையிலிருந்து அஸ்தம்பட்டி வழியாக அதை இறக்கிக்கொண்டு வந்த அன்று நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். பெட்ரோல் குடிக்கிற பூதத்தை வீட்டுக்குள் விட்டுவிட்டான் என்று அம்மா திட்டியது அண்ணன் காதில் ஏறவில்லை.

அண்ணன் போர்வெல் ரிக் ஓட்டினார். வருடத்தில் எட்டு மாதம் ஆந்திராவில் கிடப்பார். ஊரில் இருக்கிற நாட்களில் கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் காரை விடுவார். கூரையை மடக்கி, பூச்சரம் கட்டி, அவரேதான் ஓட்டுவார். பத்து ஊர் மாப்பிள்ளைகள் அதன் பின்சீட்டில் மாலையோடு உட்கார்ந்து வியர்த்திருக்கிறார்கள்.

ஒருமுறை ஆந்திராவிலிருந்து மஞ்சள் காமாலையோடு திரும்பினார். பதினோரு நாளில் போய்விட்டார். ரிக்கைக் கூட்டாளிகள் எடுத்துக்கொண்டார்கள். கார் மட்டும் நங்கைக்கு மிஞ்சியது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. எங்கள் வழக்கப்படி அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரில் அவர் வரக்கூடாது.

வீட்டில் வேறு யாரும் காரைத் தொடவில்லை. நங்கை தொட்டார். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் தார்ப்பாயை விலக்கிவிட்டு அதைக் கிளப்புவார். டயர் ஒரே இடத்தில் அழுந்தக் கூடாதென்று வாசலில் முன்னும் பின்னும் நகர்த்துவார். சீட்டுத் தோலுக்குத் தேங்காய் எண்ணெய், கூரைத் துணியின் மடிப்புக்குள் எலி வராமலிருக்க அந்துருண்டையும் வேப்பிலையும். ஓட்ட யார் சொல்லிக் கொடுத்தது என்று அம்மா கேட்டபோது, உங்கள் மகன்தான் என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவுக்கு நங்கை மூச்சு விடுவதே பிடிக்காது. மகனை விழுங்கியவள் என்று முகத்துக்கு நேரே சொல்வார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அதுதான் அந்த நாட்களில் என் வீரம்.

ஆறு வருடம் அப்படிப் போயிற்று. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் நங்கை காரை விற்றுத் தரச் சொன்னார். பள்ளிபாளையத்தில் இரண்டு விசைத்தறியும் அதையொட்டி ஓர் அறையும் விலைக்கு வந்திருந்தன. கார் விற்றால் மகளோடு அங்கே போய்விடலாம். இல்லாவிட்டால் சாகிறவரை அம்மாவின் வாய்க்குக் கீழேதான். நான் நான்கு இடத்தில் சொல்லி வைத்தேன்.

ஆத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். கல்யாணங்களுக்குப் பந்தல், சீரியல் லைட், ஊர்வல வண்டி என்று வாடகைக்கு விடுகிறவர். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெயிண்டைத் தடவினார், கூரையை இரண்டு தரம் மடக்கி விரித்தார். இவ்வளவு சுத்தமாக யார் வைத்திருந்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். பிறகு அவர் தயங்கிக்கொண்டே, மாப்பிள்ளை ஏறப்போகிற வண்டி, நல்லது கெட்டது பார்த்துத்தான் வாங்குவேன், ஓனர் எங்கே என்று கேட்டார்.

பொய் சொல்லும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் நாக்கு தானாகவே புரண்டது.

"அண்ணன் ரிக்கோட ஆந்திராவுல இருக்காருங்க. வண்டி நங்கை பேருலதான் இருக்குது."

உள்ளே கதவோரம் நங்கை நிற்பது எனக்குத் தெரியும். ஆள் வருகிற நேரத்தில் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று காலையில் நானே சொல்லியிருந்தேன்.

கிளப்பிக் காட்டச் சொன்னார். உட்கார்ந்து சாவியைத் திருகினேன். இருமியது, நின்றது. மறுபடி திருகினேன். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்ததே தவிர கார் கிளம்பவில்லை. நீங்கள்தானே பராமரித்தது என்று அவர் சிரித்தார். இன்னும் நான்கைந்து தடவை நான் திருகியதைப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

அப்போது நங்கை வெளியே வந்தார். பச்சைச் சேலை. நெற்றியில் பெரிதாகக் குங்குமம். தாலி இல்லாத கழுத்தை முந்தானை போர்த்தியிருந்தது. என்னை எழச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆக்சிலரேட்டர் பெடலை முழுக்க அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருகினார். ஒரே திருகலில் எட்டு சிலிண்டரும் உறுமின. தென்னையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று ஆத்தூர்க்காரர் மரியாதையாகக் கேட்டார்.

"அடுத்த மாசம் வாரேன்னு எழுதியிருக்காருங்க" என்றார் நங்கை.

பணம் கைக்கு வந்தது, கார் போய்விட்டது. அம்மா எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நங்கை கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நங்கை கவலைப்படவில்லை. துணிமணியை மூட்டை கட்டத் தொடங்கினார். மகளின் பள்ளிச் சான்றிதழை வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார். நானும் ஏதோ சாதித்துவிட்டவன் மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் கார் திரும்பி வந்தது. முந்தின நாள்தான் ராசிபுரத்தில் அதன் முதல் ஊர்வலம். பத்து ஊருக்குத் தெரிந்த சிவப்புக் காரை மறைத்துவிடலாம் என்று நினைத்த புத்திசாலி நான். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்த பிறகு கூட்டத்தில் யாரோ அடையாளம் கண்டு, இது செத்தவன் வண்டியல்லவா, அவன் பெண்டாட்டி வெள்ளைச் சேலையோடு துடைத்து வைத்திருந்ததல்லவா என்று சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையைக் கீழே இறக்கி நடத்திக் கூட்டிப்போனார்களாம்.

ஆத்தூர்க்காரர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எங்கம்மாவும் அந்தக் கோலம்தான். அவங்கதான் என் கடையில கல்லாவுல உக்கார்றாங்க. நீங்க சொல்லியிருந்தா ஒரு பூசணிக்காய ஒடச்சிட்டு எடுத்துட்டுப் போயிருப்பேன். பொய் சொல்லித் தள்ளிவிட்ட வண்டின்னு பேராகிப்போச்சு. இனிமே எவன் ஏறுவான்?"

நங்கை உள்ளே போய்ப் பணத்தை முடிச்சோடு எடுத்து வந்து திண்ணைமேல் வைத்தார். வெள்ளைச் சேலையில் இருந்தார். தறிகளை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். கட்டிய மூட்டை அவிழ்ந்து பழையபடி கொடிக்கு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். சத்தம் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. வெட்கத்தை விட்டு அவரிடம் போய், ஏன் கிளப்பவில்லை என்று கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அவரு ஆந்திராவுல இருக்காருன்னு நீங்க சொன்னப்ப, கதவுக்குப் பின்னால எனக்கும் அப்படித்தானுங்க தம்பி தோணுச்சு. எட்டு மாசம் வராம இருக்கறவருதானே. பொட்டு வெக்கறப்பக் கை நடுங்கவே இல்லீங்க. இப்ப ரெண்டாவது வாட்டி செத்துட்டாரு. இனி அந்த வண்டி எனக்கு எதுக்கு?"

முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து என் பக்கம் தள்ளினார்.

தார்ப்பாயை விலக்கி நான் பல வெள்ளிக்கிழமைகள் முயன்று பார்த்தேன். பெடலை முழுக்க அழுத்தியும் பார்த்தேன். எனக்கு அது ஒருநாளும் கிளம்பவில்லை.