வளைவில் கேட்ட விசில்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், அதனால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் மூணாறில் மொபைல் கடை வைத்திருக்கும் நூர்தீனிடம் மட்டும் இதைக் கேட்டுவிடாதீர்கள். பாலக்காட்டிலிருந்து வந்து கடை போட்ட மனிதர், பேய் என்றாலே வயிறு குலுங்கச் சிரிப்பவர். இப்போது பேச்சை எடுத்தாலே ஷட்டரை இழுத்து மூடிவிடுகிறார்.

புஷ்பமேரிக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. வீடு, வட்டவடை ரோட்டில் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. புருஷன் ஜின்சன் ஜீப் ஓட்டினான். வட்டவடையில் பூண்டும் கேரட்டும் ஏற்றி மூணாறில் இறக்குவான். போன ஆடி மழையில் ஒருநாள், லயத்தைத் தாண்டும்போது வழக்கம்போல ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அவள் அடுப்படியில் இருந்தாள், எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வளைவில் மலை சரிந்தது.

ஜீப் பள்ளத்தில் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. பள்ளம் முழுக்கத் துழாவிவிட்டு, மழை விட்டதும் தேடுவதையும் விட்டுவிட்டார்கள். மாமனார் வீட்டில் அழுது ஓய்ந்து, வரும் ஞாயிற்றுக்கிழமை நினைவுப் பூசை வைக்கச் சர்ச்சில் சொல்லிவிட்டார்கள். புஷ்பமேரி ஒப்புக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்க்காமல் எப்படி அவனைச் செத்தவர்களோடு சேர்ப்பது? பாவம், அவள் மனதின் ஒரு மூலையில் நம்பிக்கை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்தது அவன் குரல்தான். வாட்ஸப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். போனில் இடம் நிறைந்து அடிக்கடி அது உறைந்து நின்றது. எங்கே குரலும் போய்விடுமோ என்று பயந்து நூர்தீனிடம் ஓடினாள். வேண்டாத ஆப்களை நீக்கிக் காட்டிய நூர்தீன், ப்ளே ஸ்டோரில் இன்னொரு பக்கத்தையும் திறந்தார்.

"இது பழைய கணக்கு மேரி. முன்னாடி எப்பவோ இறக்கி அழிச்சதெல்லாம் இதுல கிடக்கும். இதையும் துடைச்சு வச்சுக்க."

மலையில் முக்கால்வாசிப் பேருக்கு மெயில் பாஸ்வேர்டு நினைவிருக்காது. அதனால் ஒரே வீட்டில் எத்தனை போன் வாங்கினாலும் நூர்தீன் ஒரே மெயிலைப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஜின்சனுக்கும் அவளுக்கும் அப்படித்தான். அவன் போனில் எதை இறக்கினாலும் அவள் பட்டியலில் வந்து உட்காரும். அவன் விளையாடிய லூடோ, கேரம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே அழித்தாள். பக்கம் சுத்தமானது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்த்தாள். பட்டியலில் ஒன்று இருந்தது.

விசில்.

விசில் சத்தம் எழுப்பும் ஆப். அவள் இறக்கவில்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்று அழித்தாள்.

அடுத்த நாள் மூன்று. பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஆப். நெட் இல்லாமல் பேசும் வாக்கி டாக்கி. மூன்றாவதை அவளால் படிக்க முடியவில்லை. மலையாளமில்லை, இந்தியுமில்லை. வட்ட வட்டமான எழுத்து. மூன்றையும் அழித்தாள். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டன... கூடவே விசிலும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதெல்லாம் யாருக்குத் தேவைப்படும்? எங்கோ மாட்டிக்கொண்டு கிடப்பவனுக்கு.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

"பாய், அவுக உயிரோட இருக்காக."

நூர்தீன் பட்டியலைப் பார்த்தார். "எவனோ களவாணி போனை எடுத்திருக்கான். அவன் இறக்குறான். வேற ஒண்ணுமில்ல."

"அவுக நம்பருக்குப் புது சிம்மு நீங்கதான பாய் வாங்கிக் குடுத்தீக? அந்தப் போன்ல இருக்க பழைய சிம்முதான் செத்துப்போச்சே. நெட்டு எப்படி வரும்?"

"வைஃபை..." என்று ஆரம்பித்து, அவள் போனை வாங்கினார். தொலைந்த போனைத் தேடும் பக்கத்தைத் திறந்தார். அந்த மெயிலில் இரண்டு போன்கள். ஒன்று அவளுடையது. மற்றது ஜின்சனுடையது.

கடைசியாகப் பார்த்தது: இப்போது.

சார்ஜ்: பூஜ்யம்.

மேப்பில் பச்சைப் புள்ளி வட்டவடை ரோட்டு வளைவில் நின்றது. நூர்தீன் கடையைப் பூட்டினார். ஜின்சனின் கூட்டாளி தனபாலின் ஜீப்பில் மூன்று பேரும் கிளம்பினார்கள்.

வளைவை அடையும்போது பிற்பகல் மூன்றரை. பட்டப்பகல்தான். ஆனால் மஞ்சு இறங்கி, அந்தப் பனிமூட்டத்தில் எதிரே இருப்பது தெரியவில்லை. புஷ்பமேரி பள்ளத்தின் ஓரத்துக்கு ஓடி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

நூர்தீன் 'ஒலி எழுப்பு' என்பதை அழுத்தினார்.

ஒன்றுமில்லை...

மறுபடி அழுத்தினார்.

ப்பீ...

போன் மணி இல்லை. விசில்.

பள்ளத்திலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ரோட்டைத் திறக்க ஜேசிபி அள்ளி ஓரமாகக் குவித்த மண்மேடு. மேலே புல் முளைத்திருந்தது. தினமும் காலையும் மாலையும் அவள் அதை ஒட்டித்தான் ஜீப்பில் போய் வந்தாள்.

ப்பீ... ப்பீ...

"மதினி, கிட்டப் போகாதீக!" தனபால் கத்தினான்.

அவள் கேட்கவில்லை. கையாலேயே தோண்டினாள். தனபால் ஜீப்பிலிருந்து மண்வெட்டியை எடுத்து ஓடிவந்தான்.

ப்பீ...

விரலில் ஏதோ தட்டியது.

சத்தம் நின்றது.

ஒரு கை. அதில் ஜின்சனின் போன், இறுக்கிப் பிடித்தபடி.

கல்யாண மோதிரம் இல்லை.

மணிக்கட்டில் சிவப்புக் கயிறு.

அது ஜின்சனின் கை இல்லை.

போலீஸ் வந்து தோண்டியதில், அந்த உடலுக்கு ஒரு முழம் தள்ளி ஜின்சனும் கிடைத்தான். மோதிரத்தைப் பார்த்துவிட்டு அவள் மண்ணிலேயே உட்கார்ந்து கதறினாள். மற்றவனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். வழியில் கை காட்டி ஏறி, யாருக்கோ பேச ஜின்சனிடம் போனை வாங்கியிருக்க வேண்டும். ஜீப்பில் இன்னொருவன் இருந்தது யாருக்குமே தெரியாது. காணவில்லை என்று ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. ஊரே ஜின்சனைத் தேடியது, அவனை ஒருவரும் தேடவில்லை.

எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஓர் ஒடிசாக்காரர் அந்த வட்ட எழுத்தைப் படித்துச் சொன்னார். ஒடியா மொழிச் சாமிப் பாட்டு ஆப். அவன் எந்த மாநிலத்தான் என்று போலீஸ் ஊகித்ததே அதை வைத்துத்தான்.

ஜீப்பிலிருந்து ரோட்டில் விழுந்த இரண்டு பேரும் மண் மூடிய அந்த நிமிஷமே இறந்துவிட்டார்கள் என்றார் டாக்டர். போனுக்குள் சேறு இறுகி, பேட்டரி வீங்கி வெடித்திருந்தது. மண்ணுக்குள் போன பிறகு அது ஒருமுறைகூட ஆன் ஆகியிருக்க வழியில்லை என்று நூர்தீனே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஜின்சனை அடக்கம் செய்தார்கள். பூசையில் புஷ்பமேரி முன்வரிசையில் முழங்காலிட்டிருந்தாள். பெயர் தெரியாத அந்தப் பையன் மார்ச்சரியில் கிடந்தான். போன் ஸ்டேஷனில், சீல் வைத்த பிளாஸ்டிக் கவருக்குள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம். பழக்கத்தில் பட்டியலைத் திறந்தாள்.

புதிதாக ஒன்று வந்திருந்தது.

ரயில் நேரம் பார்க்கும் ஆப்.

ஜின்சன் பிறந்ததிலிருந்து ரயிலேறியதில்லை. இடுக்கி மாவட்டத்தில் ரயிலே கிடையாது.

அவள் அதை அழிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அவர்களும் ஒடிசாவில் எங்கெங்கோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பையன் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.