பிரேக் மிதிக்கும் கால்

தொடையிடுக்கில் இருந்த நெறிக்கட்டிகளை ஆபரேஷனில் எடுத்த பிறகு என் வலது கால் வீங்கத் தொடங்கியது. பார்த்தவர்களெல்லாம் யானைக்கால் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தக்காளி லாரி டிரைவர். பாலக்கோட்டில் லோடு ஏற்றினால் தொப்பூர் மலை இறக்கத்தில் இறங்கித்தான் சேலம் போகவேண்டும். பிரேக் மிதிப்பது அந்தக் கால். மனைவியை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். வீக்கம் அசையவில்லை.

தர்மபுரியில் இதற்கென்றே படித்த பிசியோதெரபி மேடம் ஒருவர் இருந்தார். கணுக்காலிலிருந்து தொடை வரை டேப்பால் அளந்தார். பிறகு படுக்கவைத்துக் கழுத்தில் கை வைத்தார்.

"மேடம், வீங்குனது காலுங்க."

"தெரியுமுங்க. மொதல்ல மேல வழி விடணும். அப்பறந்தான் கீழ நிக்கிற நிணநீர் ஏறும்."

மண்டி வாசலில் முன்னால் நிற்கிற டிராக்டரை எடுக்காமல் பின்னால் ஹாரன் அடித்து என்ன பயன்? எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கை அப்பளத்தைத் தூக்குவதுபோல அவ்வளவு லேசாக இருந்ததுதான் புரியவில்லை.

"நல்லா அழுத்துங்க மேடம்."

"அழுத்துனா பாதை நசுங்கிக்குமுங்க. அது தோலுக்குக் கீழயே ஓடுது. வூட்டுலயும் அழுத்தாதீங்க."

இத்தனை நாள் மனைவியின் கையை நோகவைத்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

தினமும் தடவல், அதன்மேல் பஞ்சு, பஞ்சின்மேல் அடுக்கடுக்காகக் கட்டு. சில வாரங்களில் கால் இளைத்தது. அதற்குப் பிறகு தொடை வரை ஏறும் இறுக்கமான காலுறை கொடுத்தார்.

"வீக்கம் முழுசாப் போவாதுங்க. இத தெனமும் போட்டாத்தான் அடங்கி இருக்கும்."

"இதோட வண்டி ஓட்டலாமுங்களா?"

"மொதல்ல பாதத்துக்கு உணர்வு தெரியுதான்னு பாருங்க."

எப்படிப் பார்ப்பது? வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். மனைவி என் பாதத்துக்கு அடியில் ஒரு தக்காளியை வைத்தாள். உடையாமல், நசுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தவேண்டும். இடது கால் முதல் தடவையே நிறுத்தியது. வலது கால் உடைத்தது. மறுபடியும் உடைத்தது.

"இன்னொன்னு வெக்கட்டுமா?"

"வெய்யி."

ஆறாவது பழம் உடையவில்லை. அவள் கைதட்டிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. உடைந்த ஐந்தும் வாசலில் கிடந்தன. தொப்பூர் இறக்கத்தில் முதல் மிதியே சரியாக விழவேண்டும்.

அன்றே லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன்.