முன்சக்கரத்துச் சிவப்புக் கோடு

என் சைக்கிளின் முன்சக்கரத்து நடுவிலுள்ள ஹப்பில், அச்சின் ஓரமாக, நகச்சாயத்தால் இழுத்த ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. கோன் என்று நாங்கள் சொல்லும் கூம்பு நட்டில் தொடங்கி, சக்கரத்தைத் தாங்கும் கவைக்கம்பி வரை ஏறும் கோடு. அக்கா இழுத்தது. தொழிற்சாலையில் கிடைத்த முதல் சம்பளத்தில் அவள் ஆசையாக வாங்கிய சாயம் அது. விரலில் பூசியது என்றோ போய்விட்டது.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்கு அருகே, ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா பால்மரம் வெட்டுவார். அக்கா அவர் பின்னாலேயே மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலை வாளியில் சேர்ப்பாள். அவள் இல்லாமல் அப்பாவால் தனக்கு ஒதுக்கிய மரவரிசையை, தன் நிரையை, முடிக்க முடியாது. அப்படியிருக்க, ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. விடியுமுன் பெருஞ்சாலைச் சந்திக்கு வரும் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தாத்தா விட்டுப்போன பழைய இங்கிலீஷ் சைக்கிள்தான் ஒரே வழி. பஸ்ஸைத் தவறவிடுகிறவளுக்கு வேலை நிரந்தரமாகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். "போறதுன்னா போ" என்றார் அப்பா.

கொஞ்ச நாளில் முன்சக்கரம் இறுக ஆரம்பித்தது. சாயங்காலம் இலேசாகச் சுற்றும். காலையில் தள்ளினாலும் நகராது. அக்கா வாசலில் சாக்கை விரித்து ஹப்பைப் பிரித்தாள். கிரீஸ் காய்ந்திருக்கும் என்று மண்ணெண்ணெயில் கழுவினாள். பிறகு உள்ளேயிருந்த இரும்புக் குண்டுகளை மாற்றினாள். அச்சு வளைந்திருக்குமோ என்று கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தாள், நேராகத்தான் இருந்தது.

"என்னா புள்ள, பேக்டரிக்குப் போறியா, சைக்கிளுக்கு வைத்தியம் பாக்குறியா?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

"வைத்தியம் பாத்தாச்சு அத்தே. இனிமே தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிலதான் கட்டிலு கேக்கணும்லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குள் சில தடவை பஸ் போயிருந்தது; இன்னொரு முறை தாமதித்தால் வரவே வேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள். ஓடும்போது இறுகினால் சரி, நிற்கிற சைக்கிள் எப்படி இறுகும் என்று அன்று மாலை யோசித்தாள். கோனைச் சரியாக வைத்து, அது திரும்பினால் தெரியட்டும் என்று அந்தக் கோட்டை இழுத்தாள்.

காலையில் கோடு உடைந்து, கோன் விலகி நின்றது. அதன் விளிம்பில் குறட்டின் பல் புதிதாகப் பதிந்திருந்தது. அக்காவிடம் இருந்தது தட்டை ஸ்பேனர். அது பல் பதிக்காது. வீட்டிலிருந்த ஒரே குறடு, அப்பா மங்குக்கம்பி முறுக்குவது.

கோடு சேரும்வரை கோனைத் தளர்த்திவிட்டு மிதித்துக்கொண்டு போனாள். பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வந்தபோது அப்பா வேலைக்குக் கிளம்பத் தயாராகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நிக்கிற சைக்கிள்ல நட்டு தானா திரும்புமா?"

அப்பா ரொட்டியைக் காப்பியில் தோய்த்தார். "பழைய சாமான்லா. அப்படித்தான் இருக்கும்."

நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை அம்மா ஊதிக்கொண்டேயிருந்தார். அக்கா சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். பிறகு, "வாளி எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

நான் இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது அப்பா அந்தச் சைக்கிளை எனக்குத் தந்தார். ஞாயிறுதோறும் ஹப்பின் துளையில் தன் கையாலேயே எண்ணெய் விட்டார். படித்து முடிக்கும்வரை அது ஒருநாளும் இறுகவில்லை. அக்காவைப் பாகான் செராயில் கட்டிக்கொடுத்தார்கள். எந்த நிரைக்காக அவளைப் பிடித்து வைத்தாரோ, அந்தத் தோட்டத்தையே பிறகு துண்டு போட்டு விற்றார்கள், லயமும் போயிற்று. அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லவர் என்று எழுதக் கையும் வரவில்லை.

போன மாதம் ஈப்போவில் என் வாடகை வீட்டுக்கு அக்கா வந்தாள். வாசலிலேயே குனிந்து, முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு விரலால் தட்டிவிட்டாள். சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றியது. கோடு விலகாமல் இருந்தது. இப்போது என்னோடு இருக்கும் அப்பா உள்ளே இருமினார். அக்கா நிமிரவில்லை.

"ஒனக்கு நல்லாத்தான் ஓடுது தம்பி" என்றாள்.