நன்றிகள் மட்டும் மிஞ்சிய குழு

ஒரகடத்தில் வேலை செய்கிற எவரும் முழுதாக விழித்திருப்பதில்லை என்று எனக்கோர் எண்ணம் உண்டு. ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் உடம்பு போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவில் எங்கோ தொங்கிக்கொண்டிருக்கும். கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் தலை முட்ட முட்ட வருகையில், புத்தம்புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகள் தண்ணீருக்கடியில் நகர்வதுபோலத் தெரியும். ஏரியில் மிச்சமிருக்கும் நீர் வெள்ளைத் தகடாக மினுங்கிவிட்டுப் போகும். அப்படிப் பாதிக் கண் மூடியிருந்த ஒரு மாலையில்தான் ஒரு மனிதரின் ஆறு வருடப் பேச்சை நான் அழித்தேன்.

வண்டி பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். இயந்திரங்களை நடத்தும் கன்ட்ரோல் பேனல்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்களைப் போன்றவர்களுக்காகப் போனில் ஒரு குழு வைத்திருந்தோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோயம்புத்தூர், கடல் தாண்டிய சிலர். பெரும்பாலும் முகம் தெரியாது. ஒரே சிக்னலில் ஒருவர் பஸ்ஸும் மற்றவர் பஸ்ஸும் உரசிக்கொண்டு நின்றிருக்கும், தெரியாமலே இருந்திருப்போம்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ‘லைன் டவுன்’ என்று எழுதினால் மற்ற பேச்செல்லாம் நின்றுவிடும். காலை வணக்கப் பூக்கள், கல்யாணப் பத்திரிகை, வேலை காலி இருக்கிறது என்ற தகவல் எதுவும் வராது. எங்கோ ஒரு ஷெட்டில் கன்வேயர் நின்று, மேலாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ‘ஓடுது’ என்று எழுதும்வரை குழு அவர் ஒருவருக்கே. இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த விதி ஒன்றுதான், அதை எழுதியவன் நான், ஏனென்றால் நான்தான் அட்மின்: இங்கே அரசியல் பேசக் கூடாது.

‘லைன் டவுன்’ வந்தால் முதலில் வருபவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைப்போம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தார். தன் படத்துக்குப் பதில் கருகிப்போன ரிலே ஸ்விட்ச் ஒன்றின் படத்தை வைத்திருந்தார். அவர் உடனே பதில் சொல்ல மாட்டார், கேள்விதான் கேட்பார். மழை பெய்ததா? பக்கத்து ஷெட்டில் புதிதாக என்ன வைத்தார்கள்? இதற்கு முன்னால் இந்த வயரைத் தொட்டது யார்? இயந்திரத்தின் கோளாறை இயந்திரத்துக்கு வெளியே தேடுகிற மனிதர். இரவல் வாங்கிய அவருடைய கேள்விகளாலேயே நான் என் ஆலையில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருக்கிறேன்.

பிறகு, இந்தச் சாலையோரத்து ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் சங்கம் வைக்க உரிமை கேட்டு, வேலையை நிறுத்திப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நாங்கள் தினமும் அந்தப் பந்தலைக் கடந்து போனோம். வெயிலில் துணி உப்பி உப்பி அடங்கும்; ஏதோ பெரிய மிருகம் தூங்குவதுபோல. பஸ்ஸில் யாரும் பேச மாட்டார்கள். பஸ்ஸில் பேசாதது எல்லாம் குழுவுக்கு வந்தது. பந்தலுக்கு ஆதரவாக ஒருவர் எழுதினார், அடுத்தவர் எழுதினார். மூன்றாவது ஆள் எழுதியது கவிதைபோல இருந்தது. அதற்குக் கீழே நான் ஆமோதிப்பாக ஒரு தீ எமோஜி பொம்மை போட்டேன். அது அரசியல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காற்று, வெளிச்சம் மாதிரி இயல்பான ஒன்றாகத்தான் தோன்றியது.

அப்போது அண்ணாச்சி எழுதினார்.

“சங்கம் வேண்டாம்னு சொல்லல. லைன நிறுத்தாதீங்கன்னு சொல்லுதேன். எங்க ஊர்ல மில்லு மூடுனப்ப கொடி புடிச்சவனும் பட்டினி கெடந்தான், புடிக்காதவனும் பட்டினி கெடந்தான். நீங்க வீட்ல இருந்து வேலைக்குப் போறீங்க. நான் ரூம்ல இருந்து போறேன்.”

அவரை முதலாளியின் ஆள் என்றார் அந்த மூவரில் ஒருவர். உன் வீட்டு அடுப்பை என் பிள்ளையை வைத்து எரிக்காதே என்று அண்ணாச்சி திருப்பி எழுதினார். எனக்கு உள்ளே ஏதோ சுர்ரென்றது. வண்டி ஒரகடம் மேம்பாலம் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் செய்தியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். இவரைக் குழுவிலிருந்து நீக்கவா என்று கேட்டது. கூடவே ஒரு சின்னக் கட்டம்: இவருடைய எல்லாச் செய்திகளையும் நீக்கு. டிக் செய்தேன். தூக்கத்தில் செய்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. அந்த வரியைப் படித்தேன். அன்று எழுதியதை மட்டும் சொல்கிறது என்று நினைத்தேனா, அதைக்கூட நினைக்கவில்லையா என்பதுதான் இன்றுவரை தெளிவாகவில்லை.

விடிந்து பார்த்தபோது குழு அமைதியாக இருந்தது. நல்ல அமைதி என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் எனக்குத் தனியாக எழுதினாள். சுங்குவார்சத்திரத்தை அடுத்த கிராமத்தில் விவசாயக் குடும்பம். எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஒன்றில் டெக்னீஷியன். குழுவில் அதிகம் பேசாதவள். பக்கத்தில் வெல்டிங் ஓடினால் மட்டும் அவளுடைய மோட்டார் ஒன்று நின்றுவிடும். போன வருடம் அதே கோளாறுக்கு வழி சொல்லியிருந்தார்கள், அதைத் தேடியிருக்கிறாள்.

“இன்னாண்ணா இது, என் கேள்வி மட்டும் நின்னுக்கினு கீது, பதில காணோம்?”

குழுவைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், படப்பையில் என் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில். வருடங்கள் விரலுக்கடியில் வழுக்கிக்கொண்டு போயின. ஒருவர் கேட்கிறார்: டிரைவ் சூடாகிறதே. அடுத்து, ‘நன்றி அண்ணாச்சி.’ இன்னொருவர் கேட்கிறார்: சென்சார் பொய் சொல்கிறதே. அடுத்து, ‘ஓடுது ஓடுது, நீங்க தெய்வம்.’ நடுவில் ஒன்றுமே இல்லை. தழும்புகூட இல்லை. அத்தனை பேரும் காற்றைக் கேட்டுக் காற்றுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கண்ணை மூடினால், பதில் சொல்லாத ஒரு பெரிய வாய்முன் ஊரே வரிசையில் நின்று தலையாட்டிவிட்டு நகர்வதுபோல் இருந்தது. மேலே போகப் போக என் நன்றிகளும் வந்தன. எதற்காகச் சொன்னேன் என்று பலவற்றுக்கு ஞாபகம் இல்லை.

செயலியில் திரும்ப எடுக்க வழியில்லை. அவளுக்கு உண்மையைச் சொன்னேன். அண்ணாச்சி விதியை மீறினார், அதனால்தான் நீக்கினேன் என்றேன்.

“அவரு எழுதுனது அரசியல்னா, நீ தீ போட்டியே, அது இன்னாதுண்ணா?” என்று எழுதினாள். கூடவே, மோட்டாரை அண்ணாச்சியிடம் தனியாகக் கேட்டுச் சரி செய்துவிட்டேன் என்றாள். சிக்னல் கேபிளின் உலோக உறையை இரண்டு பக்கமும் எர்த் செய்திருந்தார்களாம், ஒரு பக்கம் போதுமாம். மறுபடி எழுதினாள்: எனக்கு அவர் நம்பர் இருக்கிறது, மற்றவர்களுக்கு?

அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. அவர் திரும்ப வராவிட்டால் அந்தக் குழு ஒரு வாழ்த்து அட்டைக் கட்டாகிவிடும். அதைவிட, என்னோடு ஒத்துப்போகிறவர்கள் மட்டும் இருக்கிற அறையைக் கட்டிவிட்டு, அதற்கு ஒழுங்கு என்று பேர் வைத்தவனாக நான் மிஞ்சுவேன். அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை, அவள் சொன்னபடி, சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிர் டீக்கடையில் நின்றேன். பனி லேசாக இறங்கியிருந்தது. ஷிப்ட் முடித்து இறங்கிய பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி ஹாஸ்டலுக்கு நடந்துபோனார்கள். ஆறு வருடம் பேசிய ஒரு மனிதரை எந்த முகத்தில் தேடுவது? கருகிய ரிலேவையா? மெலிந்த, காதோரம் நரைத்த ஒருவர் கைலியும் கம்பெனி டீ சர்ட்டுமாக வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

“அட்மின் சார்தானே?”

“நான்தான் அண்ணாச்சி.”

“சரி. டீயாவது குடிக்கலாமா, இல்ல அதுக்கும் விதி இருக்கா?”

டீ வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் டம்ளரின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீக்கியது பெரிதில்லை என்றார். வேலையிலேயே இரண்டு தடவை நீக்கியிருக்கிறார்கள். பழையது போனதுதான் கஷ்டம். ஊரில் மகனிடம் அந்தக் குழுவைக் காட்டுவாராம், அப்பா அங்கே என்ன செய்கிறேன் பார் என்று. போன வாரம் காட்டப் போனால் ஒன்றுமே இல்லை.

ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதித் தர முடியுமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். கேள்வி வந்தால்தான் தனக்குப் பதில் வரும், சும்மா உட்கார்ந்தால் ஒன்றும் வராது என்றார்.

அப்புறம்தான் என் யோசனையைச் சொன்னேன். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தது. அரசியலுக்கென்று தனியாக ஒரு பகுதி திறந்துவிடலாம், விருப்பப்பட்டவர்கள் அங்கே போய்ப் பேசிக்கொள்ளட்டும்.

“அங்கன போயி நான் யாருகிட்ட பேச?” என்றார். “எனக்கு ஒத்துக்கிடாதவன் இங்கனல்லா இருக்கான்.”

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தூசி அடங்கும்வரை இரண்டு பேரும் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டோம்.

குழுவுக்கு வந்தால் அன்றைக்குச் சொன்னதையே திரும்பச் சொல்வேன் என்றார். நீங்கள் அதை எடுக்கக் கூடாது. யாராவது லைன் நின்றுவிட்டது என்றால் நானே வாயை மூடிக்கொள்வேன், அது வேறு என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை, பந்தலில் இருப்பவர்கள் பக்கம்தான் நான் என்றும் சொன்னேன். நேரில் ஒருவரிடம் அதை நான் சொல்வது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் சொன்னதில்லை. வீட்டில்கூட.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். “அதை அன்னைக்கே எழுதிருக்கலாம்லா. பொம்மையப் போட்டுட்டு ஒளிஞ்சிக்கிட்டீரே வே.”

‘நீங்க’ போய் ‘நீர்’ வந்துவிட்டது. அதைத் திட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம், உறவாகவும் எடுத்துக்கொள்ளலாம். நான் இரண்டாகவும் எடுத்துக்கொண்டேன். இணைப்பை அனுப்புங்கள், வருவேனா என்று சொல்ல முடியாது என்றுவிட்டு, டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையே குழுவில் எழுதினேன். அரசியல் பேசியதற்காக ஒருவரை நீக்கினேன், அன்று பேசியவர்கள் நான்கு பேர், மற்ற மூவரோடு நான் ஒத்துப்போனதால் அவர்கள் பேசியது எனக்கு அரசியலாகத் தெரியவில்லை என்று எழுதினேன். அவருடைய பழைய பதில்கள் போனதும் என்னால்தான், திரும்ப வராது என்றேன். அந்த ஒற்றை விதியையும் எடுத்தேன். இரண்டு பேர் குழுவைவிட்டுப் போனார்கள். கவிதைபோல எழுதியவர் எனக்குத் தனியாக, நீயுமா என்று கேட்டார். ஓசூரிலிருந்து ஒருவர் ஒரு கும்பிடு போட்டார். அவர் அந்தக் கும்பிடில் என்ன சொல்ல வந்தார் என்று தெரியவில்லை.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. புதன் மதியம் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கையில், இன்னார் இணைந்தார் என்று ஒரு வரி விழுந்தது. கருகிய ரிலே. வணக்கம்கூடச் சொல்லவில்லை. அன்று எழுதியதையே எழுதினார், மில்லு, கொடி, பட்டினி, ரூம் எல்லாம் அப்படியே. சாம்பாரில் சோறு ஊறி ஊறித் தடித்தது. சுற்றி இருநூறு ஸ்டீல் தட்டுகளின் ஓசை, எங்கோ தொலைவில் மழை பெய்வதுபோல.

கட்டைவிரல் அந்தச் செய்தியின் மேல்தான் இருந்தது. அதைப் பக்கத்தில் நகர்த்தி, எழுத ஆரம்பித்தேன். எழுதி அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: “அண்ணாச்சி, நீங்க சொல்ற பயம் எனக்கும் கீது. ஆனா அந்தப் பயத்தை வெச்சிக்கினுதான் அவங்க நம்மளை ஓட்டுறாங்கன்னு நான் நெனைக்கிறேன். உங்க ரூமுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பந்தல்.”

படித்துவிட்டார் என்று காட்டியது. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி எழுதுகிறார் என்று காட்டியது. கீழே வேறொருவர், தயங்கித் தயங்கி, எனக்கு இரண்டு பேர் சொல்வதும் இடிக்கிறது என்று எழுதினார். அப்புறம் அண்ணாச்சியின் வரி வந்தது.

“வாசிச்சேன். ஒத்துக்கிட முடியல. ஏன்னு சொல்லுதேன், இரும்.”

சைரன் ஒலித்தது. எங்கள் ஆலையில் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் ஆளுக்கொரு தகரப் பெட்டி. போனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நாலைந்து அடி நடந்திருப்பேன், பெட்டிக்குள் அது அதிர்ந்தது. உடனே மறுபடியும். தகரத்தில் ஏதோ வண்டு அடைபட்டதுபோல் கிரக் கிரக்கென்று நீளமாக. சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலரை மணிக்குத்தான் ஷிப்ட் முடியும். அதுவரை அண்ணாச்சி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தபடியே, நான் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.